பத்து மணி வரை எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாமா?

கேள்வி: ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் சிறிய இசை கிளப் நடத்துகிறேன். எண்பது பேர் உட்காரலாம். சனிக்கிழமைதோறும் ராக் பேண்ட் கச்சேரி. எப்போதும் பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். பின்பக்கத்து வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். அவர்கள் புகார் கொடுத்ததில், போன வாரம் ஒன்பதே காலுக்கு போலீஸ் வந்து கச்சேரியை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த முறை டிரம்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவோம் என்றும் சொன்னார்கள். மூடிய அறை, அதுவும் பத்து மணிக்குள். இதில் என்ன தப்பு? சின்ன இடத்தில் ஒரு பேண்ட் எவ்வளவு சத்தமாக வாசிக்கலாம்?

பதில்: கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களிலிருந்து திருவிழாக் குழுக்கள் வரை சென்னையில் பலரும் உங்களைப் போலத்தான் நம்புகிறார்கள். பத்து மணிக்கு முன்னால் தடையே இல்லை என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 பகலுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. காலை 6 முதல் இரவு 10 வரை பகல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. பத்து மணிக்கு அளவு இன்னும் இறுகுகிறது, அவ்வளவுதான்.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இவை மேடைக்கு முன்னால் எடுக்கும் அளவு இல்லை. மைக்கே இல்லாமல் டிரம்ஸ் வாசித்தாலும் சின்ன அறையில் 100 டெசிபலைத் தொட்டுவிடும். 55-க்குள் ராக் வாசிக்க யாராலும் முடியாது. உங்கள் இடத்தின் எல்லையில், அதாவது மதிலோரத்தில் எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் விதி 5 பார்க்கிறது. பொது இடமாக இருந்தால் எல்லையில் அந்தப் பகுதியின் அளவைவிட 10 டெசிபல் வரை கூடலாம், அல்லது 75 டெசிபல். இரண்டில் எது குறைவோ அது. தனியார் இடமாக இருந்தால் 5 டெசிபல்தான் கூடலாம். டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் வரும் கிளப் பொது இடம் என்று வாதாடலாம். பொது இடம் என்பதற்கு விதிகளில் உள்ள விளக்கம் அதற்கு இடம் தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் கடுமையான அளவையே இலக்காக வையுங்கள். பின்பக்கம் குடியிருப்பு என்பதால் மதிலோரத்தில் பகலில் 60, பத்துக்கு மேல் 50.

மூடிய அறை என்பதும் உங்களுக்கு முழுக் கவசம் ஆகாது. இரவு நேரத்தில் ஒலிபெருக்கி, இசைக்கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. அரங்கம், சமுதாயக்கூடம் போன்ற மூடிய இடங்களில் உள்ளே இருப்பவர்களுக்காகப் பயன்படுத்தினால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு நேரக் கட்டுப்பாட்டுக்கு மட்டும்தான்; எல்லையில் உள்ள அளவுக்கு இல்லை. அறை மூடியிருக்கலாம், ஆனால் சத்தம் எல்லையில் அளவைத் தாண்டினால் அது மீறல்தான். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாங்கவில்லை என்றால் முதலில் காவல் ஆணையர் அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பியுங்கள். மற்ற எல்லா வாதமும் அதற்குப் பிறகுதான்.

இந்தச் சட்டத்துக்குச் சென்னையிலேயே ஒரு பெரிய வழக்கு உண்டு. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு காலனிக்காரர்கள், பக்கத்துத் தேவாலயத்தின் ஒலிபெருக்கி, மேளச் சத்தத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். சாலைப் போக்குவரத்துச் சத்தம்தான் காரணம், எங்களுடையது வழிபாட்டு உரிமை என்று தேவாலயத் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒலிபெருக்கியும் மேளமும் வைத்து அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. வழிபாட்டுக்கே அந்த எல்லை என்றால், சனிக்கிழமைக் கச்சேரிக்கு அதற்கு மேல் சலுகை கிடைக்காது. 2005-இல் அதே நீதிமன்றம், அளவு மீறும் ஒலிபெருக்கி, ஆம்ப்களைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே போலீஸ் உங்களிடம் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை.

ஆனாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. ஒலியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ உத்தரவிடும் அதிகாரம் விதி 8-இல் இருக்கிறது. அந்த உத்தரவு எழுத்தில் வர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் கச்சேரியை நிறுத்திவிட்டு, மறுநாள் மரியாதையாக உத்தரவின் நகல் கேளுங்கள். அது கிடைத்ததும் அதை மாற்றவோ ரத்து செய்யவோ அதே அதிகாரியிடம் மனு போடலாம். உங்களை நேரில் கேட்காமல் அந்த மனுவை அவர் முடிக்க முடியாது. கருவிகளை எடுத்துப் போய்விட்டார்கள் என்றால், குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்பில் திருப்பித் தரக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன. அன்றிரவே சாலையில் நின்று வாதாடாதீர்கள். டிரம்ஸ் யாருடையது என்பதற்கு பில்லோ, பேண்டுடன் போட்ட ஒப்பந்தமோ கையில் இருக்கட்டும். கிட்டார் வாசிக்கும் பையனின் சொந்த ஆம்ப் ஸ்டேஷனில் மாதக்கணக்கில் கிடப்பது கொடுமை.

இப்போது அந்தத் தம்பதியிடம் வருவோம். இந்த மாதிரிப் புகார் மனுக்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. பாட்டு கேட்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. பீரோ கண்ணாடி அதிர்கிறது, அலமாரியில் டம்ளர் நடுங்குகிறது, நெஞ்சில் இடிக்கிறது என்றுதான் எழுதுகிறார்கள். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் செய்யும் வேலை அது. விதிகள் கேட்பது ஏ-ஸ்கேல் டெசிபல், அதாவது மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப எடுக்கும் அளவு. அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸ் என்ற ஆழ்ந்த பேஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்துத்தான் எண்ணும். மீட்டர் 58 காட்டும்போதே அந்த வீட்டில் பாத்திரம் அதிரலாம். காகிதத்தில் நீங்கள் ஜெயித்துவிடலாம். அப்புறமும் அவர்கள் தூங்க முடியாது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டால், மீட்டர் எண்ணோடு விஷயம் நிற்காது. ஒரு வீட்டில் நிம்மதியாக வாழ முடிகிறதா என்று நீதிமன்றம் கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானது. அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது என் கருத்து.

எனவே ஒலிப்பொறியாளர் ஒருவரை அழைத்து அளவு எடுங்கள். முதலில் பேண்ட் வாசிக்காதபோது மதிலோரத்தில் எவ்வளவு என்று குறியுங்கள்; ஆட்டோவும் பஸ்ஸும் போகும் தெருவில் அதுவே 60-ஐத் தாண்டியிருக்கலாம். பிறகு பேண்ட் முழு வேகத்தில் வாசிக்கும்போது எடுங்கள். இரண்டும் இருந்தால்தான் எது உங்கள் சத்தம் என்று காட்ட முடியும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி குழாய் போகும் துளை, பின்பக்க ஜன்னல், இவற்றைப் பாருங்கள். சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் அந்த ஓட்டை வழியாகப் பாட்டு போய்விடும். வாசலுக்கு இரட்டைக் கதவு வையுங்கள். பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கரான சப்-ஊஃபரையும் டிரம்ஸையும் நேராகத் தரையில் வைக்காமல் தடித்த ரப்பர் மேல் ஏற்றுங்கள், ஏனென்றால் தளத்தின் வழியாகத்தான் அதிர்வு இறங்கும். டிரம்மரிடம் லேசான குச்சி பயன்படுத்தச் சொல்லுங்கள். சின்ன அறையில் மற்ற எல்லோரும் டிரம்ஸை எட்டத்தான் ஆம்ப்பை ஏற்றுகிறார்கள். அவர் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள், பாடகர் குரலும் கேட்கும்.

உள்ளே எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கச்சேரி கேட்பவருக்கென்று உச்ச அளவு எதையும் இந்த விதிகள் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன அளவு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலுக்கு மிகாமல். நான் அதையும் அதிகம் என்பேன், உங்கள் பணியாளர்களை நினைத்து. ரசிகர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். தட்டு ஏந்தும் பையன் வாரம் தவறாமல் நாலு மணி நேரம் ஸ்பீக்கர் பக்கம் நிற்கிறான். அமெரிக்கத் தொழில்நலக் கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி, 100-இல் கால் மணி நேரம். போன காது திரும்பி வராது. அவர்களுக்குக் காது அடைப்பான் வாங்கித் தருவது உங்கள் கடமை. யாராவது ஒருவருக்குச் செவித்திறன் போனால் இழப்பீட்டு வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

தண்டனை பற்றி ஒரு வரி. பொதுத்தொல்லைக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அது பெரிதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்; அதுதான் கவலைப்பட வேண்டியது.

கடைசியாக, உங்கள் கட்டடத்தின் திட்ட அனுமதியை எடுத்துப் பாருங்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய மாடியில் கிளப் நடத்தினால், எதிர்த்தரப்பு சத்தத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், நேரே அங்கேதான் கை வைப்பார்கள். அது சரியாக இருந்தால், ஒலிப்பொறியாளரின் அறிக்கை, செய்த மாற்றங்களின் பில்கள், ஒலிபெருக்கி அனுமதி விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே காவல் ஆய்வாளரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள் பின்வீட்டுக்குப் போய், கச்சேரி நாள், முடியும் நேரம், உங்கள் மொபைல் எண் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஓர் ஆளை அன்று மாலை முழுக்க வைத்திருங்கள்.