தொடை இடுக்கில் முடிக் கொப்புளம்: தோல் மருத்துவரிடம் கேளுங்கள்

ஷேவ் செய்து மூன்றாம் நாள் சிவப்புக் கொப்புளங்கள். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கிள்ளி எடுக்கலாமா டாக்டர்?

கிள்ளாதீர்கள். அந்தக் கறுப்புப் புள்ளிதான் முடி. அங்கே வளர்வது சுருள் முடி. ஒட்ட மழித்தால் அதன் முனை கூராகி, வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போகும். முள் தைத்த இடம் வீங்குவது போலத்தான் இந்த வீக்கமும்.

முதலில் ஒரு மாதம் ஷேவ் செய்வதை நிறுத்துங்கள். முடி கொஞ்சம் வளர்ந்தாலே பெரும்பாலும் தானாக விடுபட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, 10 நிமிடம், தினம் இரண்டு மூன்று வேளை ஒற்றடம் கொடுங்கள். முடி வளையமாக வெளியே தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி முனையால் மெல்ல நெம்பி விடலாம். பிடுங்கினால் அடுத்து முளைப்பதும் உள்ளேயே திரும்பலாம். கண்ணுக்குத் தெரியாத முடியைத் தோண்டவே கூடாது. சீழ்ப்பொட்டு இருந்தால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை மெல்லிசாகத் தடவுங்கள், உள்மடிப்புகளில் படாமல். கலர் ஜட்டியை அது வெளுத்துவிடும்.

மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அமுங்கியது. நிறுத்தினால் திரும்ப வருகிறது.

ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடை இடுக்கில் தோல் மெல்லிசு, மடிப்பு வேறு. மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு வரி வரியாகத் தழும்பு விழுகிறது, அது மறையாது. வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து, அரிப்பெடுத்தால் அது முடியே இல்லை, படர்தாமரை. ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

எந்த ரேசர் நல்லது?

ட்ரிம்மர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முடி மிச்சமிருந்தால் உள்ளே திரும்பும் வாய்ப்பு குறைவு. ஐந்து பிளேடு ரேசரோ முடியை இழுத்துத் தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டும். ரேசர்தான் வேண்டுமென்றால் ஒற்றை பிளேடு, குளித்த பிறகு, முடி படிந்த திசையில், தோலை இழுத்துப் பிடிக்காமல்.

வாக்ஸ்? அதிலும் முடி பாதியில் ஒடிந்து உள்ளே மாட்டும்.

படிகாரம், எலுமிச்சை? எரியும். கறுப்பும் கூடும்.

முடியை விட்டுவைப்பது அசுத்தம் இல்லையா? பிரசவத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலேயே மழிக்கிறார்களே!

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே வேண்டாம் என்றது. அறுவை சிகிச்சைக்கும், முடியை நீக்கியே ஆகவேண்டுமானால் ட்ரிம்மர் போன்ற கிளிப்பர்தான், ரேசர் கூடாது என்பது அதன் 2016 வழிகாட்டுதல். பிளேடு போடும் நுண்கீறல்களில் கிருமி குடியேறும். சுத்தத்துக்கு சோப்பும் தண்ணீரும் போதும்.

நான் நர்ஸ். எங்கள் வார்டில் இன்னும் மழிக்கிறோம். பெரிய டாக்டரே சொல்கிறார்.

பெரிய டாக்டர் படித்த காலத்தில் அதுதான் பாடம், சிஸ்டர். அந்த வழிகாட்டுதலை அச்செடுத்து அவர் மேஜையில் வையுங்கள்.

எங்கள் மார்க்கத்தில் 40 நாளுக்குள் நீக்கியாக வேண்டும். நீங்கள் சொல்வது பொருந்தாது.

தாராளமாகப் பொருந்தும் பாய். ஒரு மாதம் நிறுத்தினாலும் 40 நாளுக்குள் அடங்கிவிடும். என்னிடம் கொப்புளத்தோடு வருபவர்களில் பலர் வாரம் இரண்டு முறை மழிப்பவர்கள். ட்ரிம்மர் போதுமா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். ரேசர்தான் என்றால் மேலே சொன்ன முறையில் செய்யுங்கள்.

அப்படியானால் அழகுக்காக மழிப்பது தப்பா?

தப்பென்று யார் சொன்னது? உங்கள் உடம்பு, உங்கள் விருப்பம். சுத்தம் என்ற பெயரில் மட்டும் செய்யாதீர்கள்.

லேசர்? அடிக்கடி வருபவர்களுக்கு நல்ல வழி. நம் கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற லேசர் வகை பாதுகாப்பானது. பல தடவை போக வேண்டும். மலிவு விலை பார்லரில் வேண்டாம், சூடுபட்டுவிடும்.

கொப்புளத்தைக் கிள்ளலாமா? மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

எனக்கும் கொப்புளம். ஏதாவது ட்யூப் சொல்லுங்கள். மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள். ட்யூப், ட்யூப்!

சர்க்கரை இருக்கிறது. நெல்லிக்காய் அளவில் கட்டி, காய்ச்சல்.

இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்யாதீர்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள். சீழை முறையாகக் கீறி எடுக்க வேண்டியிருக்கலாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறிக் கட்டி வருபவர்களும் காட்டிவிடுங்கள், அது வேறு நோயாக இருக்கலாம். வலியில்லாத புண் என்றால் கூச்சப்படாமல் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படம் அனுப்பவா டாக்டர்? வேண்டாம்.