‘தாழ்ச்சியடையேன்’ என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: கணவருக்கு வேலை போனதிலிருந்து வாடகைக்கே திண்டாட்டம். ராத்திரி பைபிளில் 23-ஆம் சங்கீதம் வாசித்தால், ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்’, அதாவது எனக்கு ஒரு குறைவும் வராது, என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எனக்கு விசுவாசம் குறைவா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லவே இல்லை, சகோதரி. அந்தச் சங்கீதத்தில் இருப்பதே ஆறு வசனம், அதில் நாலாவதிலேயே மரண இருளின் பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது, ஐந்தாவதில் பந்தி ஆயத்தமாகும்போதும் சத்துருக்கள் எங்கும் போய்விடவில்லை, கண்ணெதிரேதான் நிற்கிறார்கள். கஷ்டமே வராது என்று அதில் எங்கேயும் இல்லை. யூதேயா மலைப்பக்கம் மேய்ச்சலும் தண்ணீரும் தேடி ஆடுகளை இடுக்கான பள்ளங்கள் வழியாகவும் ஓட்டிப்போக வேண்டும், அதனால் பள்ளத்தாக்கில் இருக்கிறீர்கள் என்பதற்காக மேய்ப்பர் உங்களை விட்டுவிட்டார் என்று ஆகாது. ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்ற வரி வருவதே அந்த இருட்டில்தான். இப்போதைக்கு அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

அப்புறம், அதுவும் வாயில் வராத ராத்திரியில் 22-ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று தொடங்கும், இயேசுவே சிலுவையில் அப்படித்தான் கதறினார். கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். வாடகை விஷயத்தைச் சபைப் போதகரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.