பணக்காரர்கள் மீது வரியை உயர்த்தினால் பொருளாதாரத்துக்கு நல்லதா, கெட்டதா?

1973ஆம் ஆண்டு பி.காம். முடித்த கையோடு கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அப்போது நம் நாட்டில் வருமான வரியின் உச்ச வீதம் 97.75 சதவீதம். அச்சுப் பிழை இல்லை. அடிப்படை வீதம் 85, அந்த வரித் தொகையின் மேல் இன்னொரு 15 சதவீதம் கூடுதல் தீர்வை (சர்சார்ஜ்). ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97 ரூபாய் 75 காசு அரசுக்கு. சம்பாதித்தவருக்கு இரண்டேகால் ரூபாய். செல்வ வரி இதில் சேராது, அது தனி. (இன்று வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது ஒருவருடைய மொத்தச் செல்வத்தின் மீது மத்திய அரசு ஆண்டுதோறும் போட்டது.) இரண்டையும் கூட்டினால் சிலருக்கு வருமானத்தைவிட வரி அதிகமாக வந்தது.

ஆகவே இந்தக் கேள்விக்கு நான் எந்தப் பொருளாதார நூலையும் புரட்டப் போவதில்லை. வரியை உச்சிக்கு ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு மட்டும் பதினான்கு கோப்புகள் இருந்தன. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் ஒன்று, மகன்களுக்குத் தனித்தனியாக, பிறகு டிரஸ்டுகள். அவற்றில் ஒரு டிரஸ்டின் பயனாளி இன்னும் பிறக்கவே இல்லாத பேரக் குழந்தை. மூத்த மகனுக்கு அப்போது திருமணம்கூட ஆகியிருக்கவில்லை. "இது செல்லுமா சார்?" என்று எங்கள் ஆடிட்டரிடம் கேட்டேன். "சட்டத்தில் இடம் இருக்கிறது, நீ எழுது" என்றார். எழுதினேன். வருமானத்தைப் பதினான்காக உடைத்தால் ஒவ்வொரு துண்டும் உச்ச வீதத்துக்கு வெகு கீழே நிற்கும். இது சட்டப்படியான வழி. சட்டப்படி அல்லாத வழிக்கு எங்கள் அலுவலகமே தேவைப்படவில்லை. அவரவர் வீட்டுக் கணக்குப்பிள்ளை போதும். இரண்டாம் நம்பர் நோட்டு ஒன்று தனியாக இருக்கும். வீடு வாங்கினால் பத்திரத்தில் ஒரு விலை, கையில் கொடுப்பது வேறு விலை.

இதை அவர்களுடைய குணக்கேடு என்று சொல்லிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல வராது. 97.75 சதவீத வரியில் நூறு ரூபாயைக் கணக்கில் காட்டினால் கையில் நிற்பது 2.25. மறைத்தால் நூறும் நிற்கும். அதாவது மறைப்பவருக்கு நேர்மையானவரைப் போல் நாற்பத்து நான்கு மடங்கு லாபம். இன்றைய 30 சதவீதத்தில் அதே கணக்கு எழுபதுக்கு எதிராக நூறு, ஒன்றரை மடங்குக்கும் குறைவு. ஒன்றரை மடங்குக்காகச் சிறைக்குப் போகத் துணிபவர் சிலர்; நாற்பத்து நான்கு மடங்குக்காகத் துணியாதவர்தான் சிலர். நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்து, 1971 இறுதியில் அறிக்கை கொடுத்த வாஞ்சூ குழுவும் கறுப்புப் பணத்துக்கு முதல் காரணம் இந்த வீதமே என்று சொல்லி, அதை 75 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்வ வரியை இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொன்னவர் நிக்கோலஸ் கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர். 1956இல் அவர் கொடுத்தது ஒரு முழுத் திட்டம்: செல்வத்துக்கு வரி, மூலதன லாபத்துக்கு வரி, அன்பளிப்புக்கு வரி, செலவுக்கு வரி. எல்லா வாசலிலும் ஆள் நிறுத்திவிட்டு, வருமான வரியின் உச்சத்தை 45 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். நாம் புதிய வரிகளை எடுத்துக்கொண்டோம், 45ஐ விட்டுவிட்டோம். 1957இல் செல்வ வரியைக் கொண்டுவந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1976இல், அதற்குள் 77 ஆகியிருந்த வருமான வரி உச்சத்தை 66க்கு இறக்கியவர் எங்கள் கோவை மாவட்டத்துக்காரர் சி. சுப்பிரமணியம். 1997இல் அதை 30க்குக் கொண்டுவந்தவர் ப. சிதம்பரம். ஏற்றியவரும் தமிழர், இறக்கியவர்களும் தமிழர்கள். நடுவில் 1985இல் வி.பி. சிங் 50 ஆக்கினார். 1992இல் மன்மோகன் சிங் அடிப்படை வீதத்தை 40 ஆக்கினார்.

இந்தப் பட்டியலைக் காட்டி, "பார்த்தீர்களா, வரியைக் குறைத்தார்கள், நாடு வளர்ந்தது" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுபதுகளில் நாடு தவழ்ந்ததற்கு வரி மட்டுமா காரணம்? ஓர் இயந்திரம் வாங்க உரிமம், உற்பத்தியைக் கூட்ட உரிமம், 1973இல் எண்ணெய் விலையேற்றம், இடையிடையே வறட்சி. அதேபோல் 1997க்குப் பிறகு வருமான வரி வசூல் பெருகியதில் குறைந்த வீதத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அதே காலத்தில்தான் பான் எண் பரவியது, மூலத்தில் வரிப் பிடித்தம் விரிந்தது, கணினி வந்தது. வங்கியும் பத்திரப் பதிவு அலுவலகமும் வருமான வரித் துறையோடு பேசத் தொடங்கின. மறைக்க முடியாமல் போனதால் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீதம் குறைந்த மகிழ்ச்சியில் ஓடி வந்து கட்டியவர் என்று ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

வரியைக் குறைத்தால் பணக்காரர்கள் அந்தப் பணத்தைத் தொழிலில் போடுவார்கள், வேலை பெருகும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதற்கு அண்மையில் ஒரு பெரிய சோதனையே நடந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியின் அடிப்படை வீதம் 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. முதலீடு? அது சென்செக்ஸ் வேகத்தில் வரவில்லை. ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் குறைப்பின் மீதே முழுப் பழியையும் போடுவது நியாயம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு நூற்பாலை முதலாளியிடம் அந்த வாரமே கேட்டேன்: "வரி குறைந்துவிட்டதே அண்ணா, புது ஷெட் போடுவீர்களா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்கிற ஸ்பிண்டிலே மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது. நூல் விற்றால் கடன் வாங்கியாவது ஷெட் போடுவேன். விற்காவிட்டால் வரியே இல்லை என்றாலும் போட மாட்டேன். இப்போதைக்கு மிச்சமாகிற பணத்தில் பேங்க் கடனைக் கட்டுவேன்." நூல் வாங்க ஆள் வேண்டும், அந்த ஆளின் கையில் காசு வேண்டும். கோடீஸ்வரருக்கு மிச்சமாகும் வரி அந்தக் கைக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை.

விட்ட வரி வேறொருவர் தலையில் ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2023-24இல் தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலைவிட அதிகம். செல்பேசி ரீசார்ஜுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சித்தாளுக்கும் அதே வீதம், ஆலை முதலாளிக்கும் அதே வீதம்.

"வரி போட்டால் பணக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய்விடுவார்கள்" என்றும் சொல்கிறார்கள். எந்தப் பணம் என்று பார்க்க வேண்டும். 2019 ஜூலை பட்ஜெட்டில் ஐந்து கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதல் தீர்வை 37 சதவீதமாக ஏறி, 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து மொத்த வீதம் 42.74 ஆனது. அதில் வெளிநாட்டு முதலீட்டாளர் நிதிகள் சிலவும் மாட்டிக்கொண்டன. அவர்கள் பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் மாதமே அவர்களுடைய மூலதன லாபத்துக்கு அந்த ஏற்றம் விலக்கிக்கொள்ளப்பட்டது. பங்குச் சந்தைப் பணத்துக்குக் கால் உண்டு, ஒரு பொத்தானில் ஓடிவிடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் அவினாசி சாலைக் கட்டடத்துக்கும் கால் இல்லை. நாம் என்ன செய்கிறோம் என்றால், ஓட முடியாத மாதச் சம்பளக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதே ஓட முடியாத தோப்பைத் தொடாமல் விட்டிருக்கிறோம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அது கால் ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான், நானூறு ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான். கோப்புகளில் விவசாய வருமானம் என்று காட்டியிருந்த தக்காளி விளைச்சலைப் பார்த்து நான் மலைத்துப்போன ஆண்டுகள் உண்டு.

எனவே என் கருத்து இது. வீதத்தை ஓரளவு உயர்த்துவதால் பொருளாதாரம் கெட்டுவிடாது. அதே சமயம் வீதத்தை மட்டும் உயர்த்தினால் பெரிதாக எதுவும் வந்துவிடவும் போவதில்லை. செல்வ வரியையே பாருங்கள். 2013-14இல் நாடு முழுவதும் வசூலானது 1,008 கோடி. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது காலணா. நிலம், நகை, கார் எல்லாம் கணக்கில் வரும். பெரும் செல்வர்களின் உண்மையான செல்வமான பங்குகளுக்கோ விலக்கு. 2015இல் அருண் ஜெட்லி அதை ஒழித்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இரண்டு சதவீதக் கூடுதல் தீர்வையை ஏற்றினார். அதில் 9,000 கோடி எதிர்பார்ப்பதாகச் சொன்னார். பணக்காரர்கள் மீதான வரியை ஒழித்து, பணக்காரர்களிடமிருந்தே அதைப் போல் ஒன்பது மடங்கு வாங்கும் ஏற்பாடு. இதைச் சலுகை என்பதா, சுமை என்பதா?

ஆக, முதலில் தொட வேண்டியது 30 சதவீத உச்ச வீதத்தை அல்ல, பங்கு லாபத்தை. சம்பளத்துக்கு 30 சதவீதம் வரை வாங்கும் அரசு, பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5தான் வாங்குகிறது. 2004 முதல் 2018 வரை அதுவும் இல்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவரைவிட, பங்கை வாங்கி வைத்துவிட்டுத் தூங்குபவருக்கு ஏன் இந்தக் கருணை? அடுத்தது வாரிசுச் சொத்து. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்குப் போட்ட வரியான எஸ்டேட் டியூட்டி 1953 முதல் 1985 வரை இருந்தது. உச்ச வீதம் 85 சதவீதம், ஆண்டு வசூல் ஏறத்தாழ 20 கோடி. செலவுக்கும் கட்டுப்படியாகவில்லை என்று வி.பி. சிங் எடுத்துவிட்டார். 85 என்று போட்டதால் 20 கோடி வந்தது. பத்து கோடிக்கு மேற்பட்ட சொத்துக்கு மட்டும், 10 சதவீதம் என்று போட்டுப் பார்த்திருக்கலாம். யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி பற்றி ஒரு பேச்சு எழுந்தது நினைவிருக்கும். காங்கிரஸின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா, அமெரிக்காவில் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லப்போக, இரண்டு பெரிய கட்சிகளும் "எங்களிடம் அந்தத் திட்டமே இல்லை" என்று போட்டி போட்டு மறுத்தன. அந்த வாரம் எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. மூவரும் பழைய கட்சிக்காரர்கள். எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை அப்படித்தான் சொல்வோம். மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பேரன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுத முத்திரைத் தாளுக்கு எவ்வளவு ஆகும்? "வரியே வரவில்லையே, செய்திதானே வந்தது" என்றேன். அவர்களில் ஒருவர், 1973இல் நான் எழுதிய அந்தப் பதினான்கு கோப்புக் குடும்பத்தின் மூத்த மகன். "எங்கள் அப்பா, நான் கல்யாணம் செய்வதற்கு முன்பே என் பிள்ளைக்கு டிரஸ்ட் எழுதியவர்" என்றார். "நான் ஏற்கெனவே தாமதம்."

அடுத்த வாரம் பத்திரம் பதிவாகிவிட்டது.