தைப்பூசத்தில் அலகு குத்துபவர்களைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

கேட்டவர் கீழே விவரமும் எழுதியிருக்கிறார்: புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறார், இந்த முறை சிங்கப்பூர்த் தைப்பூசத்தைப் படம் எடுக்க ஆசை, அலகு குத்தும்போது பக்கத்தில் நிற்பது தப்பா, அனுமதி வாங்க வேண்டுமா, எந்த லென்ஸ் என்று.

எடுக்கலாம். சாலை பொது இடம், அங்கே படம் எடுக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கோயில் வளாகம் கோயிலுக்குச் சொந்தம், அங்கே அவர்கள் சொல்வதுதான் சட்டம். தொண்டூழியர் ஒருவர் "இங்கே வேண்டாம்" என்றால் வாக்குவாதம் பண்ணாமல் நகர்ந்துவிடுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை.

நீங்கள் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். போனஸ் வந்ததும் பெனின்சுலா கடைத்தொகுதியில் நாலு கேமராக் கடை ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள். மரினா பே விளக்குகளைத் தண்ணீரில் நீளநீளமாக எடுத்தாயிற்று, தேக்காவில் பூக்கட்டும் அம்மாவை எடுத்தாயிற்று. அடுத்து தைப்பூசம். குறையாகச் சொல்லவில்லை, இந்த ஊரில் கேமரா தூக்கிய எல்லாரும் போகும் வரிசைதான் இது.

நான் கல்யாணப் படம் எடுத்துச் சாப்பிடுபவன். கண்காட்சி வைத்தவன் இல்லை, விருது வாங்கியவனும் இல்லை. தைப்பூசத்துக்கு யாரும் எனக்குக் காசு தருவதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனாலும் வருடாவருடம் ஊர்வலம் கிளம்பும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து, அது முடியும் டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடந்துவிடுவேன். இதைச் சொல்வது, 'நீ யார் புத்தி சொல்ல' என்று கேட்பவர்களுக்காக.

2023ஐச் சொல்கிறேன். கோவிட்டால் 2021, 2022 இரண்டு வருடமும் ஊர்வலம் இல்லை. முன்பதிவு செய்தவர்கள் பால்குடம் மட்டும் செலுத்தினார்கள். பிப்ரவரி 5ஆம் தேதி மறுபடி காவடிகள் சாலைக்கு வந்தபோது கூட்டமான கூட்டம். கேமராக்களும் அப்படித்தான். கூடாரத்தில் ஒரு தம்பி அலகு குத்திக்கொள்ள உட்கார்ந்தார். அவரைச் சுற்றிக் குடும்பம், குடும்பத்தைச் சுற்றி லென்ஸ்கள். ஒருவருடைய லென்ஸ் முனை அந்தத் தம்பியின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அலகு குத்தும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. முழங்கையால் லென்ஸை ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் திருநீற்றை அழுத்தித் தேய்த்து, "சொல்லுங்கப்பா" என்றார். எல்லாரும் "வேல் வேல்" என்று எழுப்பிய சத்தத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒதுக்கப்பட்டவர் மறுபக்கம் போய் அந்தக் கன்னத்தை எடுத்துக்கொண்டிருந்தார்!

அந்தத் தம்பியை நானும் எடுத்தேன். கிட்டத்தான் நின்றேன். ஆனால் முந்தின ராத்திரியே, அவர்கள் குடும்பமாக உட்கார்ந்து காவடிக்கு மயிலிறகு சொருகிக்கொண்டிருந்தபோதே போய்ப் பேசியிருந்தேன். இதுதான் நீங்கள் கேட்ட அனுமதி. அலகு குத்த உட்கார்ந்தவரிடம் போய் "எடுத்துக்கலாமா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர் மனசு அப்போது நம்மோடு இருக்காது. தலையாட்டினாலும் அது உங்களுக்கான பதில் இல்லை. காவடி கட்டும் நேரத்தில் போங்கள். அப்போது டீ குடிப்பார்கள், சிரிப்பார்கள், போல்ட் காணோம் என்று மச்சானைத் திட்டுவார்கள். அப்போது கேட்டால் "எடுங்கண்ணே" என்றோ "வேணாம்ணே" என்றோ தெளிவாகச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் அடுத்த குடும்பம். நேர்த்திக்கடன் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தம்பி சொல்லவில்லை, எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் அவர்களோடே நடந்தேன். கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். சிலருடைய காவடி முப்பது கிலோவைத் தாண்டும், இவருடையதும் பெரிசுதான். அவருக்குப் பின்னாலேயே அவர் மனைவி, ஒரு கையில் தண்ணீர், இன்னொரு கையில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். ஊர்வலம் நிற்கும் இடத்திலெல்லாம் ஸ்டூலைப் போட்டு, அவர் மெல்ல உட்காரும்வரை அதன் காலைப் பிடித்துக்கொள்வார். நகர்ந்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் காவடி முட்டும். டேங்க் ரோடு போய்ச் சேரும்வரை இதேதான். பார்த்த எனக்கே இடுப்பு வலித்தது.

படங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒன்றைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஈசூனில் அவர்கள் வீட்டுக்கும் எடுத்துப் போனேன். கன்னத்து வேல், கண்ணில் கூடார விளக்கு, பின்னணி முழுக்க இருட்டு என்று எனக்கே பெருமையாக இருந்த படம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குண்ணே. ஆனா இது வேணாமே."

"ஏன் தம்பி?"

"இதுல நான் மட்டும்தானே இருக்கேன். வழி முழுக்க ஸ்டூல் தூக்கினது இவ. இதைக் கொண்டுபோய் ஹால்ல மாட்டினா எனக்குச் சோறு கிடைக்குமா?"

சமையலறையில் இருந்து பதில் வந்தது: "சோறு கிடைக்கும். குழம்புதான் கிடைக்காது."

கைப்பேசியைத் தள்ளித்தள்ளி அவர் எடுத்துக் காட்டிய படம் சிலிகி ரோட்டில் எடுத்தது. அவர் பாதி உட்கார்ந்திருக்கிறார், முகத்தை மயிலிறகு மறைக்கிறது. கீழே அவர் மனைவி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டூல் காலைப் பிடித்திருக்கிறார். முழங்கை ஆடிப்போய் மங்கலாக இருக்கிறது, ஒரு காலில் செருப்பு இல்லை. எந்தப் போட்டிக்கும் நான் அனுப்ப மாட்டேன். ஆனால் பிரிண்ட் கொடுத்ததும் அந்த வீட்டில் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டினார்களாம். "இது யாரு, மலரா? அடையாளமே தெரியலையே" என்று ஒரு அத்தை கேட்டுவிட்டதில் சின்னச் சண்டையும் நடந்ததாம். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

நான் சொல்ல வந்தது இதுதான். தைப்பூசத்தில் கன்னத்தை எடுக்க நூறு பேர் இருக்கிறார்கள். ஸ்டூலை எடுக்க ஆள் கிடையாது. காவடி ஒரு குடும்பத்தின் வேலை. விரதத்தில் தனியாகச் சமைத்தவர், காவடியை லாரியில் ஏற்றியவர், வழி முழுக்க உறுமிக்குப் பதிலாகத் தொண்டையைக் கிழித்துக்கொண்ட மாமா எல்லாரும் அதில் உண்டு. அவர்கள் இல்லாத படம் அந்த வீட்டுக்குப் பயன்படாது. எடுத்த படம் எடுக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், என் கணக்கில் அந்த வேலை முடியவில்லை. உங்கள் இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் இதயம் போட்டாலும் சரி.

இதில் எனக்குக் கொஞ்சம் பழைய கோபமும் இருக்கிறது. இந்த ஊரில் புகைப்படம் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. 1843இலேயே ஒரு ஓட்டல்காரர் உருவப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். 1867இல் ஹை ஸ்திரீட்டில் லாம்பர்ட் ஸ்டூடியோ திறந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் நம் ஆட்களையும் எடுத்தன. மாட்டுவண்டிக்காரர், சலவைக்காரர், மூக்குத்தி போட்ட பெண். தபால் அட்டையாகப் போட்டும் விற்றார்கள். கீழே 'கிளிங்' (தென்னிந்தியரை அப்போது இங்கே அப்படித்தான் அழைத்தார்கள்) என்றோ 'இந்து' என்றோ ஒரு வார்த்தை இருக்கும். அந்த மனிதருக்குப் பெயர் இருந்திருக்கும், பெண்டாட்டி பிள்ளை இருந்திருப்பார்கள். படம் கப்பலேறி எங்கேயோ யார் வீட்டு மேசைக்கோ போயிருக்கும், அவர் கைக்கு வந்திருக்குமா? வெள்ளைக்காரன் செய்தான் என்று திட்டுவது சுலபம். 'காவடி எடுக்கும் பக்தர், சிங்கப்பூர்' என்று தலைப்புப் போட்டு நாம் ஏற்றுகிற படமும் அந்த அட்டைக்குத் தம்பிதான்.

பெயர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு அமைப்பு தன் ஆண்டு மலரில் நான் எடுத்த தீமிதிப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டது. கேட்கவில்லை. சரி, நம்ம ஆட்கள்தானே என்று விட்டிருப்பேன். கீழே 'படம்: இணையம்' என்று போட்டிருந்தார்கள். இணையம் ராத்திரி முழுக்கச் சவுத் பிரிட்ஜ் சாலையில் நின்று புகையைக் குடித்ததா? போன் போட்டால், "உங்களுக்கும் விளம்பரம்தானே சார்" என்றார்கள். பெயரே இல்லாமல் எப்படி விளம்பரம்? மலர் அச்சடித்தவருக்குக் காசு, மேடைக்குப் பந்தல் போட்டவருக்குக் காசு, மதியச் சாப்பாடு போட்டவருக்குத் தலைக்கு இத்தனை வெள்ளி என்று காசு. கேமராக்காரன் மட்டும் சமூகத் தொண்டு செய்ய வேண்டும்.

இதைச் சொன்னால் சட்டம் தெரியுமா என்று கேட்பார்கள். கொஞ்சம் தெரியும். முன்பெல்லாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குப் போகும். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, வேறுமாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் எடுத்தவருக்கே உரிமை. பொதுவில் பயன்படுத்தினால் எடுத்தவர் பெயரையும் போட வேண்டும். கல்யாணம் மாதிரிச் சொந்தக் காரியத்துக்கு எடுத்த படமாக இருந்தால், அதை நான் வேறு எதற்கும் பயன்படுத்தாமல் எடுக்கச் சொன்னவர் தடுக்கலாம். அது நியாயம்தான், என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நானும் தடுப்பேன்.

'உன் பெயரைப் போடச் சொல்லிக் கத்துகிறாயே, காவடிக்காரர் பெயரைப் போட்டாயா?' என்று கேட்பீர்கள். கேட்டு, அவர் சரி என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் படத்தையே வெளியே விடுவதில்லை. 'சுற்றுலாவுக்கு வருகிறவன் இவ்வளவெல்லாம் பண்ணுவானா?' என்றால், பண்ண மாட்டான், அவனிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. உங்களுக்குத் தமிழ் தெரியும், "அக்கா, உங்க நம்பர் குடுங்க, படம் அனுப்புறேன்" என்று கேட்க வாய் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

லென்ஸ். 35 மி.மீ. ஒன்று போதும், எஃப்2 வரை திறந்து நிறைய வெளிச்சம் வாங்கினால் நல்லது. நீளமான ஜூம் கொண்டுபோனால் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடத் தோன்றும், யாரிடமும் பேச மாட்டீர்கள். முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காதீர்கள். கூடார விளக்கில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போகத் தயங்க வேண்டாம். ஷட்டரை 1/100 நொடியில் வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை சிமிட்டும், அதைவிட வேகமாகப் போனால் படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக நிழல் விழலாம். பின்னால் வெள்ளைக் கூடாரத் துணி இருந்தால் கேமரா அதைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கரியாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டச் சொன்னேன், வெளுக்கச் சொல்லவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்துக் கொடுமையை அங்கேயும் கொண்டுபோகாதீர்கள்.

டிரைபாட் வேண்டாம், யாராவது தடுக்கி விழுவார்கள். பால்குடம் முந்தின நாள் நள்ளிரவுக்கு முன்பே கிளம்ப ஆரம்பித்துவிடும், பெரிய காவடிகள் விடியற்காலையில். சூரியன் எட்டிப்பார்க்க எப்படியும் ஏழேகால் ஆகும், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சிலிகி பக்கம் நல்ல வெளிச்சம் விழும். 1968இலேயே தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் வார நாளில் வந்தால் லீவுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். காவடி கட்டும் இடத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டாம், ஒரு பை பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ வாங்கிக்கொண்டு போங்கள். விரதத்தில் இருப்பவர்கள், வேறு எதைக் கொடுத்தாலும் யோசிப்பார்கள்.