லினக்ஸில் 1920×1080 மானிட்டர் 1024×768-க்கு மேல் போகவில்லை. என்ன செய்வது?

முதலில் கேபிளைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பாகக் கணினிக்குச் சொல்கிறது. பழைய விஜிஏ கேபிள், மலிவான அடாப்டர், பல கணினிகளுக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் கேவிஎம் சுவிட்ச் போன்றவை நடுவில் இருந்தால் அது வந்து சேராமல் போகலாம். அப்போது சிஸ்டம் பாதுகாப்பாக 1024×768-இல் நின்றுவிடும். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டில் நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால், கர்னல் பூட் வரியில் (கணினி தொடங்கும்போது லினக்ஸ் கர்னலுக்குத் தரப்படும் அமைப்புகளில்) 'நோமோட்செட்' இருக்கிறதா என்று தேடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது சேர்த்து, பிறகு மறந்துபோகிற சொல் இது. இருக்கும்வரை கிராபிக்ஸ் டிரைவர் சரியாக வேலை செய்யாது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பிலிருந்து நீக்கி, க்ரப்பைப் புதுப்பித்து, ரீபூட் செய்யுங்கள்.

இரண்டும் பலிக்காவிட்டால்தான் கைவேலை. திரையைக் காட்டும் அமைப்பு எக்ஸ்11 என்றால், திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை வெறுமனே ஓட்டினால் போர்ட்டின் பெயர் தெரியும். திரைக்கான நேரக்கணக்கைப் போடும் சிவிடி கட்டளைக்கு 1920 1080 60 (அகலம், உயரம், ஹெர்ட்ஸ்) கொடுத்தால், அந்த அளவை விவரிக்கும் 'மோட்லைன்' என்ற வரி கிடைக்கும். எக்ஸ்ரேண்டரின் நியூமோட் தேர்வில் அதைப் பதிந்து, ஆட்மோட் தேர்வில் போர்ட்டுடன் இணைத்து, பிறகு அந்த மோடுக்கு மாற்றுங்கள்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். சாதாரண சிவிடி கணக்கு கேட்கும் பிக்சல் வேகம் 173 மெகாஹெர்ட்ஸ். சிங்கிள் லிங்க் டிவிஐ என்ற பழைய வகை இணைப்பு தாங்குவது 165 மட்டுமே. திரை கறுத்துப்போகும். சிவிடியை 'மைனஸ் ஆர்' சேர்த்து ஓட்டினால் 138.5-க்கு இறங்கும், படம் வரும்.

இந்த மாற்றம் ரீபூட்டில் அழிந்துவிடும். கட்டளைகளை, லாகின் செய்யும்போது ஓடும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் போட்டுவையுங்கள். எக்ஸ்11-க்குப் பதிலாக வரும் வேலண்டில் எக்ஸ்ரேண்டர் வழி செல்லாது. கர்னல் பூட் வரியில் 'வீடியோ' அளபுருவாகப் போர்ட் பெயரையும் அளவையும் கொடுத்துப் பாருங்கள்.