முழங்கால் சவ்வுக் கிழிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த முழங்கால் கேள்விகளில் பெரும்பாலானவை சவ்வுக் கிழிவையும் ‘கமரா விட்டு’ செய்யும் சத்திரசிகிச்சையையும் பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

மகனுக்கு 22 வயது. புட்போல் விளையாடும்போது காலை ஊன்றியபடியே திரும்பியதில் முழங்காலுக்குள் ‘டக்’ என்றது. மூன்று வாரமாகக் கால் முழுதாக நீளவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில் ‘பக்கட் ஹாண்டில்’ கிழிவு என்று இருக்கிறது. தைப்பதா வெட்டுவதா என்று தியேட்டருக்குள்தான் தெரியும் என்கிறார் டொக்டர். முன்னமே சொல்ல முடியாதா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

முடியாது. உங்கள் டொக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இரண்டு கசியிழையத் தட்டுகள் இருக்கின்றன. நாம் சவ்வு என்று சொல்வதும் ரிப்போட்டில் மெனிஸ்கஸ் என்று வருவதும் இவைதான். இவற்றின் வெளி விளிம்புக்கு மட்டும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு, நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்து ஆற வைக்கலாம். உள்விளிம்புக்கு இரத்தம் போவதில்லை என்பதால் அங்கே தையல் பெரும்பாலும் பிடிக்காது. கிழிவு எந்த இடத்தில் நிற்கிறது, துண்டு நைந்துவிட்டதா, பழைய இடத்துக்குத் தள்ளினால் சரியாகப் பொருந்துகிறதா என்பதை ஸ்கேன் ஓரளவுக்குத்தான் காட்டும். கமராவை விட்டு, சிறு கொக்கியால் தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். அதனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது தையல், வெட்டு இரண்டுக்கும் சேர்த்தே சம்மதம் கொடுங்கள்.

பக்கட் ஹாண்டில் என்றால், நீளவாக்கில் கிழிந்த துண்டு வாளிக் கைபிடிபோல் எழும்பி மூட்டின் நடுவில் போய் மாட்டிக்கொள்வது. கால் நீளாததற்குக் காரணம் அதுதான். எண்ணெய் தடவி இழுப்பதும், முறிவு நெரிவு பார்ப்பவரிடம் கொண்டுபோய் நீட்டுவிப்பதும் வேண்டவே வேண்டாம். இழுக்க இழுக்கத் துண்டு நைந்து, தைக்கக்கூடியதும் வெட்ட வேண்டியதாகிவிடும். நாள் கடத்தினாலும் அதே கதிதான். கிளினிக் திகதி தள்ளியிருந்தால் ‘கால் லொக் ஆகி நிற்கிறது’ என்று சொல்லி முன்னுக்கு எடுக்கக் கேளுங்கள். 22 வயதில் சவ்வைக் காப்பாற்றுவது பெரிய விஷயம். எவ்வளவு வெட்டி எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்தின் மேல் பாரம் கூடும், மூட்டுத் தேய்வும் முந்தி வரும்.

சத்திரசிகிச்சைக்கு அனேகமாக முதுகில் விறைப்பு ஊசி போடுவார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றரிலும் சிறிய இரண்டு துளைகள். ஒன்றால் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள கமரா, மற்றதால் கருவி. மூட்டை விரித்துப் பார்க்க உப்புநீரை ஓடவிடுவார்கள். முதல் நாள் கட்டு நனைந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். முந்திய 6 மணித்தியாலம் சாப்பாடு கூடாது. அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வோர்பரின், சீனி வருத்தக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் காட்டில் தைத்தார்களா வெட்டினார்களா என்று கட்டாயம் பாருங்கள், விளங்காவிட்டால் வோர்ட்டிலேயே கேளுங்கள். பிறகு செய்யும் எல்லாம் அதைப் பொறுத்ததுதான். வெட்டியிருந்தால் அனேகமாக அன்றே ஊன்றுகோலுடன் காலை வைத்து நடக்கலாம், 4 முதல் 6 வாரத்தில் வழமைக்குத் திரும்பலாம். தைத்திருந்தால் 4 முதல் 6 வாரம் பிரேஸும் ஊன்றுகோலும் தேவை, அந்தக் காலத்தில் 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. புட்போல் என்றால் ஏறக்குறைய ஆறு மாதம். மூன்றாம் மாதம் வலி போய்விடும், அப்போதுதான் பெடியன்கள் மைதானத்துக்கு ஓடித் தையலை அறுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு 56 வயது, ஆசிரியை. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. ஒரு வருடமாக உள்பக்க வலி. ஸ்கேனில் கிழிவு என்று வந்தும் சத்திரசிகிச்சை தேவையில்லை, பிசியோவுக்குப் போங்கள் என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?
– வாசகி, காரைதீவு

இல்லை அம்மா, சரியான வைத்தியம்தான் சொல்லியிருக்கிறார்கள். வயதோடு தேய்ந்து கிழிவதும் அடிபட்டுக் கிழிவதும் வேறு வேறு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் கிழிவு தெரியும். பின்லாந்தில் 35 முதல் 65 வயதான 146 பேரிடம் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குச் சவ்வை வெட்டினார்கள். மற்றவர்களுக்குக் கமராவால் பார்த்துவிட்டு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து இரு பகுதியினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

உங்களுக்குத் தேவை தொடைத் தசையின் பலம். உயரமான கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி மெதுவாக இருங்கள். 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை, 12 வாரம். இரண்டாம் வாரத்தில் ‘ஒன்றும் குறையவில்லை’ என்று விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் ஏறும் பாரம் நான்கு கிலோவளவு குறையும். கால் பூட்டுப்பட்டு நீளாமல் நின்றால் மட்டும் தாமதிக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

ஒன்பது நாளுக்கு முன் சவ்வை வெட்டினார்கள். வீக்கம் முழுதாக வற்றவில்லை, கால் முழுதாக நீளவும் இல்லை. தலையணையைக் கீழே வைத்து மடித்தபடி படுத்தால்தான் சுகம்.
– வாசகர், வாழைச்சேனை

அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மடித்து வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பின்தசைகள் அப்படியே சுருங்கி இறுகிவிடும். பிறகு நீட்டுவது பெரும்பாடு. துவாயைச் சுருட்டி *குதிக்காலுக்குக்* கீழே வைத்து, முழங்காலைத் தன்பாட்டில் கீழே தொய்ய விடுங்கள். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. அடுத்து, தொடையை இறுக்கி முழங்காலின் பின்பக்கத்தைப் பாயோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள், 10 தடவை. சில்லு தொடைப்பக்கம் சற்று மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தசை இன்னும் விழிக்கவில்லை.

வீக்கம் சில வாரம் இருக்கும். நடந்து முடித்ததும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி, ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். ஊன்றுகோல் கமக்கட்டில் முட்டாமல் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும், பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வருத்தக் கால் முதலில். கடற்கரை மணலில் ஊன்றுகோல் புதையும், கிணற்றடிப் பாசி வழுக்கும். இரண்டு இடத்துக்கும் இப்போதைக்குப் போகாதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரத்தம் கட்டியாகியிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தொழுகையில் எப்போது இருக்கலாம்? குந்தும் மலசலகூடம்தான் வீட்டில். மோட்டார் சைக்கிள்?
– வாசகர், சம்மாந்துறை

குதிகாலின் மேல் இருப்பதும் குந்துவதும் சவ்வின் பின்பகுதியை நசுக்குகின்றன. தைத்தவர்கள் குறைந்தது நான்கு மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான். வெட்டியவர்கள் வலியும் வீக்கமும் இல்லாமல் முழுதாக மடிக்க முடிந்த பின், ஏறக்குறைய ஆறு வாரத்தில் மெதுவாகப் பழகலாம். அதுவரை கதிரையில் இருந்து தொழுங்கள். மலசலகூடத்துக்கு நடுவில் ஓட்டையுள்ள கொமட் கதிரையைச் சத்திரசிகிச்சைக்கு முன்னமே வாங்கி வையுங்கள். மோட்டார் சைக்கிள், நின்றபடி வண்டியின் பாரத்தை அந்தக் காலால் தாங்க முடிந்த பிறகுதான். வலது கால் என்றால் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் முடிய வேண்டும்.

தையல் காயத்துக்கு இறால், கணவாய், முட்டை கிரந்தி என்று வீட்டில் தருகிறார்களில்லை.
– வாசகி, ஆரையம்பதி

ஒவ்வாமை இல்லாவிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். காயம் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டும், வெறும் கஞ்சியில் அது கிடைக்காது. தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், காயம் நனையக் கூடாது, எண்ணெயும் படக் கூடாது. வலிக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் புரூபனோ டைக்குளோபெனக்கோ கடையில் வாங்கிப் போடாதீர்கள். மாரி காலத்தில் அது டெங்குவாகவும் இருக்கலாம், அப்போது அந்தக் குளிசைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். காய்ச்சலோடு முழங்கால் சூடாகிச் சிவந்து வீங்கினால், மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.