பைன் சருகு மூடாக்கு: எத்தனை சாக்கு வாங்க வேண்டும்?

மழை ஓய்ந்து பனி இறங்கும் நேரத்தில் மலைத் தோட்டக்காரர்கள் எல்லாரும் மூடாக்கு பற்றி, அதாவது பாத்தி மண்ணைச் சருகால் மூடி வைப்பது பற்றி, யோசிக்கத் தொடங்குவார்கள். கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். பைன் சருகு எவ்வளவு வாங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒருவர்: அக்கா, வீட்டு முன்னால் 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு ரோஜாப் பாத்தி இருக்கிறது. சருகு கொண்டுவருபவர் பத்து சாக்கு போடச் சொல்கிறார். அவ்வளவு தேவையா?

சாக்கின் எண்ணிக்கையை அவர் சொல்லக் கூடாது தம்பி, உங்கள் பாத்திதான் சொல்ல வேண்டும். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் 48 சதுர அடி. அடுத்து கனம். பைன் சருகு படிந்த பிறகு 3 அங்குலம் நிற்க வேண்டும். ஆனால் உதறிப் போட்ட அன்று இருக்கும் உயரம் சில வாரங்களில் அமுங்கிவிடும். அதனால் போடும்போது 4 அங்குலம் வைத்துக் கணக்குப் போடுங்கள். 48-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 16 கன அடி. உதறிய சருகில் உங்களுக்கு வேண்டியது இவ்வளவு.

இனி சாக்கு. ஒருவர் காலால் மிதித்து அடைப்பார், இன்னொருவர் கையால் அள்ளிப் போட்டு வாயைக் கட்டிவிடுவார். பார்வைக்கு இரண்டும் ஒரே சாக்குதான், உள்ளே இருக்கும் சருகு ஒன்றல்ல. ஆகவே முதலில் ஒரே ஒரு சாக்கு வாங்குங்கள். பாத்தியின் ஒரு மூலையில் கொட்டி, விரலால் கோதி உதறி, 4 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். ஸ்கேலை மண் தொடும் வரை செருகிப் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். பரப்பிய இடத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அது 8 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 48-க்கு 6 சாக்கு, சேதாரத்துக்கு ஒன்று சேர்த்தால் 7. உங்கள் சாக்கு 6 சதுர அடிதான் மூடுகிறது என்றால் 8 சாக்கு, சேதாரத்தோடு 9. இந்த ஒரு சாக்குச் சோதனையைச் செய்யாமல் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

கீழே வரும் கணக்குகளில் ஒரு சாக்கு 8 சதுர அடி மூடும் என்று வைத்தே சொல்கிறேன். உங்கள் சாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பாத்தி வளைந்து வளைந்து போகிறது. நீள அகலம் என்று ஒன்றே இல்லை. எப்படி அளப்பது?

நடுவழியாக ஒரு கயிற்றைப் போட்டு நீளம் எடுங்கள். அந்தக் கயிற்றில் ஒரே இடைவெளி விட்டு நான்கைந்து இடங்களில் அகலம் எடுங்கள். உதாரணமாக நீளம் 15 அடி, அகலங்கள் 3, 5, 6, 4, 2 அடி. கூட்டினால் 20, ஐந்தால் வகுத்தால் சராசரி 4 அடி. 15-ஐ 4-ஆல் பெருக்க 60 சதுர அடி. 8 சாக்கு ஆகும். மூடாக்குக்கு இந்தத் துல்லியமே தாராளம்.

கொடைக்கானல், பேரிக்காய் மரம் வைத்திருப்பவர்: பத்து மரங்களுக்கு வட்டப் பாத்தி எடுத்திருக்கிறேன். குறுக்களவு 6 அடி.

வட்டத்துக்கு ஆரம் 3 அடி. மூன்றை மூன்றால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கினால் மரத்துக்கு 28 சதுர அடி. பத்து மரத்துக்கு 280. அதாவது 35 சாக்கு. தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெற்று மண்ணாக விட்டுவிடுங்கள் அண்ணா. சருகு பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் தங்கி அழுகல் வரும், எலியும் உள்ளே புகுந்து பட்டையைக் கொறிக்கும். அந்த இடைவெளிக்கான சருகைக் கணக்கில் கழிக்க வேண்டாம், அது மிகச் சிறிது.

வில்பட்டியிலிருந்து: எங்கள் நிலம் சரிவு. அளந்து வாங்கினால் எப்போதும் பற்றாமல் போகிறது.

டேப்பைத் தரைமட்டமாகக் காற்றில் பிடித்து அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரிவில் மண்ணோடு மண்ணாக டேப்பைப் படுக்க வைத்து அளக்க வேண்டும். 45 பாகைச் சரிவு என்றால் மட்டமாக 10 அடி காட்டும் இடம் மண்மேல் 14 அடி வரும். உங்களுக்குப் பற்றாமல் போனது அந்த நாலு அடிதான்.

சரிவுக்குப் பைன் சருகை நான் மனமார விரும்பிச் சொல்வேன். ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நம் மலையில் அதிகம் நட்டிருக்கும் மெக்சிகோ பைனில் ஊசிகள் பெரும்பாலும் மூன்று மூன்றாக ஒரே அடியில் சேர்ந்திருக்கும், ஒரு சாண் நீளம் வரும். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அடைமழையில் மரத்தூள், வைக்கோல்போல் எளிதில் அடித்துப் போகாது. போடும்போது கீழிருந்து மேலாகப் போட்டு வாருங்கள், மேல் அடுக்கு கீழ் அடுக்கின் தலையை மூடட்டும். ஊசிகள் சரிவுக்குக் குறுக்காகக் கிடப்பது நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து, கோத்தகிரியில் வீடு உள்ளவர்: வீடியோவில் இத்தனை பேல் வாங்குங்கள் என்கிறார்கள். நம் சாக்குக்கு அது எத்தனை?

அந்தக் கணக்கு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுடையது சார். ஜார்ஜியா, கரோலினாப் பக்கம் பைன் சருகை வாரி, இயந்திரத்தில் அழுத்திக் கட்டாக (அதுதான் பேல்) கட்டி விற்பது பெரிய வியாபாரம். அங்கே ஒரு சதுரக் கட்டு 3 அங்குல கனத்தில் சுமார் 40 முதல் 50 சதுர அடி மூடும் என்பார்கள். அங்கேயும் கட்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இயந்திரத்தில் இறுக்கிய கட்டுக்கும் கையால் அடைத்த கோணிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வீடியோவிலிருந்து பரப்பளவு, கனம் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

அரவேணுவிலிருந்து: ஒருவர் கிலோ கணக்கில் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் வண்டி லோடு என்கிறார். எது லாபம்?

கிலோ கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். நேற்று மழையில் நனைந்த சருகு தண்ணீரையும் சேர்த்து எடை காட்டும். மூடாக்கு மூடுவது உயரத்தாலும் பரப்பாலும்தான்.

லோடு என்றால் வண்டியின் தொட்டியை அளந்துகொள்ளுங்கள். தொட்டி 7 அடி நீளம், 5 அடி அகலம், சருகு 4 அடி உயரத்துக்கு ஏற்றிக் கயிறு கட்டியிருக்கிறது என்றால் 140 கன அடி. 4 அங்குல கனத்தில் அது 420 சதுர அடி மூடும், ஏறக்குறைய ஒரு சென்ட். கயிறு போட்டு அமுக்கி வந்திருந்தால் உதறும்போது இன்னும் கொஞ்சம் கூடவே வரும். லோடின் விலையை 140-ஆல் வகுங்கள். சாக்கின் விலையை அது தரும் கன அடியால் வகுங்கள். 8 சதுர அடியை 4 அங்குலம் மூடும் சாக்கு என்றால் சுமார் 2.7 கன அடி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது லாபம் என்று தெரிந்துவிடும். வண்டி வாடகை தனி என்றால் அதையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: சரியாக ஒரு சென்ட் தோட்டம். 55 சாக்கு என்று கணக்கு வருகிறது. பயமாக இருக்கிறது!

ஒரு சென்ட் 435.6 சதுர அடி, எட்டால் வகுத்தால் நீங்கள் சொன்ன எண் வருவது சரிதான். ஆனால் ஒரு சென்ட் முழுவதும் பாத்தியாகவா இருக்கும்? நடைபாதை, தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல் எல்லாவற்றையும் கழியுங்கள். ஹைட்ரேஞ்சியாபோல அடர்ந்து தரையை மூடிய புதர்களின் அடியிலும் போட வேண்டியதில்லை, அதன் இலையே அங்கே மூடாக்கு. பாத்தியை மட்டும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள்.

குன்னூர், வீட்டுத் தோட்டம்: பைன் சருகு போட்டால் மண் புளித்துவிடும், பைன் காட்டுக்கு அடியில் ஒன்றும் முளைப்பதில்லையே என்கிறார் மாமியார்.

அம்மா பார்த்தது உண்மை. பைன் காட்டின் அடியில் செடி குறைவுதான். நெருக்கமாக நட்ட மரங்களின் நிழல், வேர்ப்போட்டி, வருடக்கணக்காகச் சேர்ந்த கனத்த சருகு எல்லாம் சேர்ந்து அப்படிச் செய்கின்றன. சருகு புதிதாக விழும்போது புளிப்புத்தன்மை உடையது என்பதும் சரி. ஆனால் மேலே 3 அங்குலம் பரப்பி வைப்பதால் கீழே வேர்மண்ணின் தன்மை பெரிதாக மாறுவதில்லை. நீலகிரி மண் மழையால் சுண்ணாம்புச் சத்து கரைந்து இயல்பிலேயே புளிப்பாகத்தான் இருக்கிறது. காய்கறிக்கு டோலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள பொடி) போடும் வழக்கம் அதனால்தான், அதை நிறுத்த வேண்டாம். டோலமைட்டை மண்ணில் கலந்த பிறகு மேலே சருகு போடுங்கள். அசேலியா, கமேலியா, ஸ்ட்ராபெரிக்குக் கவலையே வேண்டாம்.

கொடைக்கானலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: காட்டில்தான் இவ்வளவு கொட்டிக் கிடக்கிறதே, நாமே போய் அள்ளிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. காப்புக்காட்டிலிருந்து சருகு எடுப்பதும் வனப் பொருள் எடுப்பதில்தான் சேரும், தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். தனியார் எஸ்டேட், பள்ளி வளாகம், பக்கத்து வீட்டுத் தோட்டம் என்று பைன் நிற்கும் பட்டா இடங்கள் நிறைய உண்டு. அங்கே உரிமையாளரைக் கேட்டு வாருங்கள். சாக்கில் வாங்கினாலும் எங்கிருந்து வருகிறது என்று விற்பவரைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைன் நம் மலையின் மரமே அல்ல, சோலையும் புல்வெளியும்தான் இங்கே உரியவை. அதன் விதை காற்றில் பறந்து புல்வெளியில் முளைத்துப் பரவுகிறது. சருகோடு வரும் பைன் காய்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பாத்தியில் பைன் நாற்று முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். மஞ்சள் பூப் பூக்கும் முள்செடி கோர்ஸின் விதையும் சருகோடு வரலாம், கவனியுங்கள்.

கேத்தியிலிருந்து ஒரு விவசாயி: கேரட் பாத்திக்குப் போடலாமா?

விதைத்த உடனே வேண்டாம் அண்ணா, நாற்று மேலே வரத் திணறும். ஒரு விரல் உயரம் வளர்ந்து களைந்த பிறகு வரிசைக்கு நடுவில் ஒரு அங்குலம் போதும். அப்போது பாத்திப் பரப்பில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பூண்டுக்கு முழுப் பாத்தியும் மூடலாம்.

தலைகுந்தாவிலிருந்து: உறைபனிக்கு இரட்டிப்பாகப் போட்டால் செடி பிழைக்குமா?

வேருக்கு நல்லது, இலைக்கு அப்படியில்லை. பகலில் வெயில் பட்ட ஈர மண் இரவில் சூட்டை வெளியே விடும், அந்தச் சூடுதான் தரையோடு இருக்கும் இளஞ்செடியைக் கொஞ்சமாவது காக்கும். தடித்த மூடாக்கு அதைத் தடுத்துவிடுவதால் இலை மட்டத்தில் குளிர் கூடலாம். எனவே ரோஜா, பழமரம் போன்றவற்றுக்கு வழக்கமான கனம் வையுங்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ் நாற்றுக்கு உறைபனி மாதங்களில் சருகை ஒதுக்கி, மாலையில் மேலே துணியோ பெரணித் தழையோ மூடி, காலையில் எடுங்கள்.

எந்த மாதமானாலும் 5 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். சாரல் மழையையும் மூடுபனி ஈரத்தையும் சருகே குடித்துவிட்டு, அடியில் மண் காய்ந்து கிடக்கும்.

ஊட்டியிலிருந்து, தங்கும் விடுதி நடத்துபவர்: தீப் பிடிக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. ஜனவரி முதல் கோடை மழை வரும் வரை காய்ந்த பைன் சருகு ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். சுவரிலிருந்து 5 அடிக்குள் போட வேண்டாம், அங்கே ஜல்லி பரப்புங்கள். வெந்நீர் அடுப்பின் புகைபோக்கிக்குக் கீழேயும், விருந்தினர் கேம்ப் ஃபயர் போடும் இடத்தின் அருகிலும் ஒரு கைப்பிடிகூடக் கூடாது. அந்தப் பரப்பைக் கழித்த பிறகுதான் சாக்கு எண்ணிக்கை. மிச்ச சாக்குகளை விறகுக் கொட்டகையில் அடுக்காதீர்கள்.

குன்னூரிலிருந்து: காட்டுமாடு இரவில் வந்து மிதித்துவிட்டுப் போகிறது.

அமுங்கிய சருகைத் தோட்ட முள்கரண்டியால் கிளறி உதறிவிடுங்கள், உயரம் ஓரளவு திரும்பும். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

கோத்தகிரியிலிருந்து: அடுத்த வருடமும் இதே அளவு வாங்க வேண்டுமா?

இல்லை. பைன் சருகு மெதுவாகத்தான் மட்கும். ஒரு வருடம் கழித்து ஓர் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஊசிகள் கறுத்து உதிர, நடுவில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கும், மண் பொலபொலவென்று இருக்கும். அதைக் கலைக்காமல் ஸ்கேலைச் செருகி மிச்ச உயரத்தைப் பாருங்கள். 2 அங்குலம் இருந்தால் மேலே உதறிய சருகு ஒன்றரை அங்குலம் போதும். முதல் வருடம் 8 சாக்கு பிடித்த பாத்திக்கு 3 சாக்கில் வேலை முடியும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு அம்மா: கணக்குப் போட்டும் இரண்டு சாக்கு குறைந்துவிட்டது, அடுத்த லோடு அடுத்த மாதம்தான். எல்லா இடத்திலும் மெல்லிசாகப் பரப்பிவிடவா?

வேண்டாம் அம்மா. ஒரு அங்குலத்தில் களையும் அடங்காது, ஈரமும் தங்காது. வெயில் நேரடியாக அடிக்கும் பாத்திக்கும், இந்த வருடம் நட்ட இளஞ்செடிகளுக்கும் முழுக் கனம் போட்டு முடியுங்கள். போடும் முன் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். நிழலில் இருக்கும் பாத்தி ஒரு மாதம் காத்திருக்கும். தைல மரத்தின் பச்சை இலையை மட்டும் அவசரத்துக்கு அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதன் எண்ணெய் இளஞ்செடியின் வளர்ச்சியைத் தடுக்கும். சில்வர் ஓக் சருகு கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.